டிபன் கேரியர் அப்ஜெக்டிவ்

2017 ஆகஸ்டில், மெக்கானிக்கல் ஏழாவது செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஒரு வேர்டு ஃபைல் வந்து விழுந்தது. முந்தைய பேட்ச் சீனியர் ஒருவரின் ரெசியூம். அவருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டதால் அது ராசியான ஃபைல். "பேரு, மார்க்கு மட்டும் மாத்திக்கோங்கடா" என்று கீழே ஒரு வரி. மாற்றிக்கொண்டோம். கோவைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் கல்லூரியில் அந்த வருடம் அறுபது பேருக்கும் ஒரே லட்சியம், ஒரே பொழுதுபோக்கு, ஒரே பலம், ஒரே பலவீனம்.

இரண்டு பக்கம் அது. தொடக்கத்தில் கேரியர் அப்ஜெக்டிவ், அதாவது லட்சியம், என்ற தலைப்பில் சவாலான சூழலில் பணியாற்றி நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் உழைக்க விரும்புவதாக ஒரு வாக்கியம். பிறகு மதிப்பெண் அட்டவணை. அடுத்து, தெரிந்த மென்பொருட்கள் என்று எட்டுப் பெயர்கள். கடைசியில் அப்பா பெயர், பிறந்த தேதி, மதம், திருமணம் ஆகவில்லை என்ற தகவல், பாட்டுக் கேட்பேன், கிரிக்கெட் ஆடுவேன். எல்லாம் உண்மை என்று உறுதிமொழி, இடம், நாள், கையெழுத்து. கல்யாணத் தரகரிடம் கொடுத்தாலும் பொருந்தும்.

முதல் கேம்பஸ் இன்டர்வியூவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பத்து ரெசியூம்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். "தம்பி, உங்க எல்லாருக்கும் லட்சியம் ஒண்ணுதானா? அதுவும் டிபன் கேரியர் லட்சியம்?" என்றார். எனக்குப் புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்து வைத்தேன். வெளியே வந்துதான் பார்த்தேன். வேலை வாழ்க்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இரண்டு 'ஈ' வரவேண்டிய இடத்தில் சீனியர் இரண்டு 'ஆர்' போட்டு, சாப்பாடு தூக்கிப் போகும் கேரியராக ஆக்கியிருந்தார். அறுபது பேரும் அதையே தூக்கிக்கொண்டு போயிருந்தோம்.

அந்தப் பிழைக்காக அவர் என்னைக் கழிக்கவில்லை. அடுத்து நடந்ததற்காகத்தான். என் பட்டியலில் ஆன்சிஸ் இருந்தது, ஒரு பாகம் பாரம் தாங்குமா என்று கணினியிலேயே சோதிக்கும் மென்பொருள். "இதில் என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். கல்லூரியில் இரண்டு நாள் பட்டறை நடந்தது, கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு பீமின் ஒரு முனையைப் பிடித்துவைத்து மறுமுனையில் பாரம் கொடுத்தால் எந்த முனைக்கு என்ன நிபந்தனை கொடுப்பீர்கள் என்றார். விழித்தேன். நானே எழுதிக் கொடுத்த பட்டியலிலிருந்துதான் கேள்வி வந்தது. அவர் என்னிடம் தெர்மோடைனமிக்ஸ் கேட்கவில்லை, இன்ஜின் கேட்கவில்லை. நான் என்ன எழுதியிருந்தேனோ அதைத்தான் கேட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இது உறைத்தது. பதினாறு வருடம் யாரோ தயாரித்த கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியிருக்கிறோம். முதன்முறையாகக் கேள்வித்தாளை நம் கையில் கொடுத்து, நீயே தயாரித்துக்கொண்டு வா என்கிறார்கள். அதைப் போய் சீனியரிடம் காப்பி அடித்திருக்கிறேன்.

உறைத்ததே தவிர, உடனே திருந்திவிடவில்லை. அதே ஃபைலோடு இன்னும் இரண்டு கம்பெனிகளில் உட்கார்ந்து எழுந்து வந்தேன். எட்டாவது செமஸ்டர் வந்தது. புராஜெக்டுக்காக நான்கு பேர் ஒரு ஃபவுண்டரிக்குப் போனோம். பம்ப் கேசிங், அதாவது பம்பின் வெளிக்கூடு, வார்க்கும் சிறிய ஃபவுண்டரி. கோவையில் பம்புக்கும் மோட்டாருக்கும் வார்ப்பு வேலை செய்யும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. வார்த்ததில் எத்தனை கழிகிறது, ஏன் கழிகிறது என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. ஆறு வாரம். வார்ப்பு அச்சு மணலில் ஈரம் கூடினால், உருக்கிய இரும்பு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி, வார்ப்புக்குள் ஓட்டை விழும். ப்ளோ ஹோல் என்பார்கள். அங்கே இரவு ஷிப்டில் மணலுக்குத் தண்ணீரைக் கைக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மணலை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார்கள், பிடிகொழுக்கட்டை மாதிரி நின்றால் சரி. அனுபவசாலிகள் கையில் அது பிசகாது. புதிதாக வந்த பையன்கள் கையில் பிசகியது.

அந்த ஃபவுண்டரியின் குவாலிட்டி பொறுப்பில் ஓர் அண்ணன் இருந்தார். கடைசி வாரம் டீ குடிக்கும்போது, "வேலைக்கு எங்காவது சொல்லி வைக்கட்டுமாங் தம்பி? ரெசியூம் குடுங்க" என்றார். கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நம்ம ஃபவுண்டரி எங்கீங் காணோம்?" என்றார். இரண்டாம் பக்கத்தில் ஒற்றை வரியைக் காட்டினேன்: வார்ப்புக் குறைபாடுகளைக் குறைத்தல், ஓர் ஆய்வு.

"ஆறு வாரம் நைட் ஷிப்ட் வந்து மணல்ல நின்னீங்க. அதுக்கு ஒரு வரி. பாட்டுக் கேப்பீங்கங்கறதுக்கும் ஒரு வரி. ரெண்டும் ஒண்ணா?"

அன்றிரவு உட்கார்ந்து திருத்தப் பார்த்தேன், வரவில்லை. நான் பத்தாவது வரை தமிழ் மீடியம். ஆங்கிலத்தில் யோசித்தால் எனக்கு வருவதெல்லாம் ஏற்கெனவே எங்கோ படித்த வாக்கியங்கள்தான். சரி என்று ஒரு நோட்டை எடுத்து, என்ன செய்தேன் என்பதைத் தமிழிலேயே, அம்மாவிடம் சொல்வதுபோல எழுதினேன். நான்கு வாரம் ஒவ்வொரு ஷிப்டிலும் கழிந்த கேசிங்கை எண்ணினேன். 760 வார்த்ததில் 84 கழிந்தது. அதில் 47 ப்ளோ ஹோல். தண்ணீர் ஊற்றும் அளவு ஷிப்டுக்கு ஷிப்டு மாறுவதைப் பார்த்தேன். ஒவ்வொரு கலவைக்கும் ஈரத்தை மீட்டரில் பார்த்து மூன்றிலிருந்து நான்கு சதவீதத்துக்குள் வைக்கச் சொல்லிக் கேட்டோம். அடுத்த இரண்டு வாரத்தில் 380 வார்த்து 25 மட்டும் கழிந்தது.

இதை அப்படியே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றினேன். எண்ணினேன், அளந்தேன், பதிவு செய்தேன், மாற்றச் சொன்னேன் என்று வினையில் தொடங்கும் நான்கு வரிகள். ஆங்கிலம் சுமார்தான், ஆனால் ஒரு வரிகூடக் கடன் வாங்கியது இல்லை. இன்றைக்கும் மாணவர்கள் யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: தமிழில் எழுதுங்கள், பிறகு மாற்றுங்கள். ஆங்கிலத்தில் 'பொறுப்பு வகித்தேன்' என்று எழுதித் தப்பித்துவிடலாம். வீட்டில் பேசும் தமிழில் எழுதினால் "என்ன பொறுப்பு, என்ன செய்தே?" என்று நம் மனமே கேட்டுவிடும்.

குழு வேலை பற்றி ஒன்று. நாங்கள் நான்கு பேரும் ஒரே புராஜெக்டை ஒரே வரிகளில் எழுதி, ஒரே நாளில், ஒரே ஆள் முன்னால் உட்கார இருந்தோம். யோசித்துப் பாருங்கள், நான்கு பேரும் 'நானே செய்தேன்' என்றால் எப்படி இருக்கும்? பேசிப் பிரித்துக்கொண்டோம். இரவு ஷிப்டுக் கணக்கும் ஈரம் பார்த்ததும் நான். ஒருவன் பேட்டர்னையும் (மணலில் அச்செடுக்கும் மாதிரி) கேட்டிங்கையும் (இரும்பு உள்ளே ஓடும் வழி) பார்த்தான். ஒருவன் வரைபடங்கள். இன்னொருவன் அறிக்கை எழுதினான், நேர்மையாகச் சொன்னால் ஃபவுண்டரிக்கு இரண்டே நாள்தான் வந்தான். அவன் ரெசியூமில் தொழில்நுட்ப அறிக்கை தயாரித்ததை மட்டும் எழுதினான். எங்கள் நால்வரில் முதலில் வேலை கிடைத்தது அவனுக்குத்தான். ஆவணங்கள் தயாரிக்கும் வேலை.

மென்பொருள் பட்டியலை எட்டிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். ஆட்டோகேட், எக்ஸெல். குறைக்கும்போது வயிறு எரிந்தது. இப்போது வரும் டெம்ப்ளேட்டுகளில் ஒவ்வொரு திறமைக்கும் பக்கத்தில் ஒரு பட்டை வரைந்து 80 சதவீதம் நிரப்புகிறார்கள். எதில் 80 சதவீதம்? மீதி 20 எங்கே போனது? பட்டைக்குப் பதில், அந்த மென்பொருளில் எதை வரைந்தீர்கள் என்று மூன்று சொல் போட்டால் போதும். சான்றிதழ்களும் அப்படித்தான். 2020 ஊரடங்கில் கூகுள் ஃபார்ம் நிரப்பினால் வெபினார் சான்றிதழ் வந்து குவிந்தது. ஒரே ஆளிடம் முப்பது இருக்கும். பன்னிரண்டு வாரம் அசைன்மென்ட் எழுதி, தேர்வு மையத்துக்குப் போய் முடித்த, ஐஐடி பேராசிரியர்கள் இணையத்தில் நடத்தும் ஒரு என்பிடெல் படிப்பு அந்த முப்பதுக்கும் மேல். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் படித்ததையும் படிப்பின் பெயரோடு, அதில் செய்த வேலையோடு எழுதுங்கள். திட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் ஒன்றும் தெரியாது.

"எனக்கு ஃபவுண்டரியும் இல்லை, புராஜெக்டும் இல்லை, நான் என்ன எழுத?" என்று கேட்பவர்களுக்கு என் சித்தப்பா மகளின் கதையைச் சொல்வேன். பொள்ளாச்சிப் பக்கம் பி.காம். படித்தாள். ரெசியூமில் 'அனுபவம்: இல்லை' என்று எழுதியிருந்தாள். ஆனால் அவள் தாய்மாமாவின் கயிறு ஆலைக்கு இரண்டு வருடமாக டேலியில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பழைய கணக்கைப் புதிய வரிக்கு மாற்றியதே அவள்தான். ஆடிட்டர் அலுவலகத்துக்கு மாதாமாதம் கொள்முதல், விற்பனைப் பட்டியல் அனுப்புவதும் அவள்தான். "அது வீட்டு வேலைதானே அண்ணா" என்றாள். சம்பளம் வாங்கவில்லை என்பதால் அது வேலை இல்லை என்று அவளுக்கு ஒரு எண்ணம். நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் செய்யும் கணக்கு வேலை எல்லாம் இந்தக் கணக்கில்தான் காணாமல் போகிறது. ஆலையின் பெயர், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை, மாதம் சராசரியாக எத்தனை பில், எந்த மென்பொருள் என்று எழுத வைத்தேன். ரெசியூமின் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது.

இடம் போதவில்லை என்றால் வெட்டுவதற்கு நிறைய இருக்கிறது. லட்சியம், பொழுதுபோக்கு, பலம், பலவீனம், உறுதிமொழி எல்லாம் போகலாம். அரசு விண்ணப்பங்களுக்குத் தனிப் படிவம் உண்டு, அதில் கேட்டதைக் கேட்டபடி நிரப்ப வேண்டும். தனியார் வேலைக்கு அந்தச் சடங்குகள் வேண்டாம். மதம், சாதி, அப்பா செய்யும் தொழில் கண்டிப்பாக வேண்டாம். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் செய்து 2007-ல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. நாளிதழ் விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. பெயரை நாம் மாற்ற முடியாது. பெயரோடு சேர்த்து இன்னும் நான்கு விவரங்களை நாமே எடுத்துக் கொடுப்பானேன்?

ஆதார் எண், பான் எண், வீட்டுக் கதவு எண்ணும் வேண்டாம். ரெசியூம் எத்தனை கை மாறும் என்று நமக்குத் தெரியாது. ஊரும் மாவட்டமும் போதும். வேலை தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு என்று வரும் போன்கள் எல்லாம் இப்படிக் கை மாறிய ரெசியூம்களைப் பார்த்தும் வரலாம்.

பெயரில் நமக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஆன்லைன் படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் கட்டாயமாக இருக்கும். நமக்கு இருப்பது இனிஷியல். சிலர் அதில் புள்ளி வைக்கிறார்கள், சிலர் ஊர்ப் பெயரைப் போடுகிறார்கள். நான் அப்பா பெயரைப் போட்டேன்; அதனால் முதல் ஆறு மாதம் ஆபீஸில் என்னை அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதுவே ரெசியூமிலும் இருக்கட்டும். இனிஷியலை விரித்து எழுதினால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விரியுங்கள். சேரும்போது சான்றிதழ் சரிபார்க்க வருபவர்கள் இதில் வந்து நிற்பார்கள்.

அரியர் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எம்3 என்ற கணிதப் பாடத்திலும் தெர்மோடைனமிக்ஸிலும் விழுந்தது, பிறகு எழுதித் தேறினேன். சிஜிபிஏ 7.1. அதை 7.5 ஆக்கச் சொன்ன நண்பர்கள் உண்டு. பொய் மதிப்பெண் சேர்ந்த பிறகுகூட ஆளைக் கீழே இறக்கும், செய்யாதீர்கள். அதே சமயம், தேறிவிட்ட அரியரை நீங்களாகவே ரெசியூமில் எழுதவும் தேவையில்லை. படிவத்தில் கேட்டால், நேரில் கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள். பத்தாவது முதல் எல்லாவற்றிலும் 60 சதவீதம் கேட்கும் கம்பெனிகளில் அந்த வரம்பில் இல்லையென்றால் எவ்வளவு அழகாக எழுதினாலும் உள்ளே விடமாட்டார்கள். அதற்காக உட்கார்ந்து வருந்தும் நேரத்தில் வரம்பு வைக்காத சிறிய கம்பெனிகளுக்கு எழுதலாம். என் கதையில் அதுதான் நடந்தது.

வடிவம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பக்கம், பிடிஎஃப், ஒற்றை நெடுவரிசை. பெரிய கம்பெனிகளில் முதலில் மென்பொருள்தான் ரெசியூமைப் பிரித்துப் படிக்கும். இரண்டு நெடுவரிசை, கட்டம், ஐகான் எல்லாம் அதைக் குழப்பலாம். பரிசோதிப்பது சுலபம். பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிகள் குலைந்து, கல்லூரிப் பெயருக்குள் போன் நம்பர் புகுந்திருந்தால், அங்கேயும் அப்படித்தான் போகும். ஃபைலுக்கு உங்கள் பெயரையும் துறையையும் வையுங்கள். 'ரெசியூம் ஃபைனல் நியூ 2' என்ற பெயரில் எனக்கு இதுவரை பல பேர் அனுப்பியிருக்கிறார்கள்.

இனி கவர் லெட்டர். கேம்பஸில் அதை யாரும் கேட்பதில்லை. நாமாக வெளியே தேடும்போதுதான் அது வேலை செய்யும், அதிலும் முதலாளியே மெயில் பார்க்கும் சிறிய, நடுத்தர கம்பெனிகளில். ஆனால் நமக்குக் கடிதம் என்றால் ஐந்தாம் வகுப்பில் எழுதிய விடுப்பு விண்ணப்பம்தான் ஞாபகம் வருகிறது. மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் தயவுகூர்ந்து. அதே பணிவோடு, அதே வாக்கிய அமைப்போடு, இத்துடன் ரெசியூம் இணைத்துள்ளேன், தயவுகூர்ந்து ஆவன செய்யவும் என்று முடித்துவிடுகிறோம். வேலை கேட்கிறோமா, லீவு கேட்கிறோமா?

நானும் அப்படித்தான் ஒரு கடிதம் எழுதி, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பம்ப் கம்பெனிக்குப் போன கடிதத்தில் வேறொரு பம்ப் கம்பெனியின் பெயர் இருந்துவிட்டது. அரை மணி நேரத்தில் பதில் வந்தது: தம்பி, நீங்கள் தேடும் கம்பெனி அடுத்த ரோட்டில் இருக்கிறது. அவ்வளவுதான். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அன்று சோறு இறங்கவில்லை.

பிறகு ஒன்று செய்தேன். ஒரு நாளைக்கு மூன்று கம்பெனிக்குமேல் எழுதுவதில்லை. எழுதுவதற்குமுன் அவர்கள் என்ன செய்கிறார்கள், யாருக்குச் செய்கிறார்கள் என்று அவர்கள் இணையதளத்தில் படிப்பேன். கடிதம் மெயிலிலேயே இருக்கும், தனி இணைப்பு கிடையாது; முதலில் திறப்பது அதைத்தானே. எனக்கு வேலை வாங்கித் தந்த கடிதத்தின் சாரம் இது:

"உங்கள் நிறுவனத்தில் குவாலிட்டி பிரிவுக்கு ட்ரெய்னி எடுப்பதாக உங்கள் இணையதளத்தில் பார்த்தேன். நீங்கள் வார்ப்புகளை வெளியிலிருந்து வாங்கி மெஷினிங் செய்வதாகத் தெரிகிறது. நான் ஒரு பம்ப் ஃபவுண்டரியில் ஆறு வாரம் இருந்து, கேசிங் ஏன் கழிகிறது என்று ஷிப்டு வாரியாகக் கணக்கெடுத்தேன். மணலின் ஈரத்தைக் கலவைக்குக் கலவை அளந்தபின் கழிவு நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து ஆறரையாகக் குறைந்தது. உங்களுக்கு வரும் வார்ப்புகளைச் சோதிக்கும் வேலையில் இது உதவும் என்று நினைக்கிறேன். மே மாதம் தேர்வு முடிகிறது. அதன்பின் எந்த நாளும் நேரில் வரமுடியும்."

அவ்வளவுதான். நான் கடின உழைப்பாளி என்று அதில் எங்கும் இல்லை. குடும்பச் சூழ்நிலையும் இல்லை. முதலில் எழுதிய வரைவில் குடும்பக் கஷ்டம் ஒரு பத்தி இருந்தது. ஃபவுண்டரி அண்ணன்தான், "அத நேர்ல வேலைக்குச் சேந்தப்புறம் சொல்லிக்கலாம், எடுங்க" என்றார்.

இப்படி 31 கடிதம் போனது. நான்கு பேர் பதில் போட்டார்கள், இரண்டு பேர் கூப்பிட்டார்கள். இரண்டாவது இடத்தில் நாற்பது நிமிடம் மணலைப் பற்றியே பேசினோம். "இரண்டே வாரக் கணக்கை வைத்து ஈரம்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? இரும்பின் சூடு மாறியிருக்கலாமே?" என்று மடக்கினார் குவாலிட்டி மேனேஜர். சூட்டை நாங்கள் பதிவு செய்யவில்லை. இன்னும் ஒரு மாதம் பார்த்திருந்தால் உறுதியாகச் சொல்லலாம், இப்போது முடியாது என்றேன். தலையாட்டினார். ஆன்சிஸ் கேள்விக்கு விழித்த அதே ஆள்தான் நான். இந்த முறை கேள்வித்தாள் என்னுடையதாக இருந்தது.

இப்போது அதே கம்பெனியில், ட்ரெய்னி எடுக்கும்போது ரெசியூம்களை முதலில் சலிக்கும் வேலை என்னிடம் வருகிறது. கேரியர் அப்ஜெக்டிவ் குறைந்துவிட்டது. அதன் இடத்தில், ஒரு முயற்சியை ஈட்டிமுனையாக நின்று வழிநடத்தியதாக ஒரு ஆங்கில வினைச்சொல் எல்லா ரெசியூமிலும் வருகிறது. சாட்ஜிபிடி கொடுத்தது. அன்று சீனியரின் ஃபைல், இன்று இது. ஒரு பையனிடம் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன், அவன் என்னைப்போலவே மரியாதைக்குச் சிரித்தான். இலக்கணம் திருத்த அதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, என் காலத்தில் இருந்திருந்தால் நானும் செய்திருப்பேன். ஆனால் எண்ணியதையும் அளந்ததையும் நீங்கள்தான் அதற்குச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதுவே ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுவிடும், அந்த எண்ணைப் பற்றி நான் கேட்பேன்.

இன்னொன்று மறந்துவிட்டேன். எல்லாம் முடித்து பிடிஎஃப் ஆக்கியபின், வீட்டில் யாருடைய போனையாவது வாங்கி, ரெசியூமைப் பார்த்தபடியே உங்கள் நம்பரை அடித்துப் பாருங்கள். போன மாதம் ஒரு ரெசியூம் வந்தது. கல்லூரி கேன்டீனில் எட்டு மாதம் மாலை நேரத்தில் கேஷ் கவுன்டரில் இருந்தேன், தினமும் இரவு கணக்கை நேர் செய்துவிட்டுப் போவேன் என்று எழுதியிருந்தான். மெஷினிங் லேபில் வாராவாரம் அளவுக் கருவிகளைச் சரிபார்த்து எழுதிய பதிவேட்டைப் பற்றியும் இரண்டு வரி. உடனே கூப்பிட்டேன். ஒரு பாட்டி எடுத்தார். "அப்படி யாரும் இல்லீங் கண்ணு, ராங் நம்பர்" என்றார். மெயில் போட்டேன், பதில் இல்லை. மறுநாள், நான்தான் தப்பாக அடித்தேனோ என்று மீண்டும் ஒருமுறை அதே நம்பரை அடித்தேன்.

"இன்னுமா கெடைக்கலீங் கண்ணு அந்தப் பையன்?" என்றார் பாட்டி.